சொல்லாமல் காக்கவும் சட்டம் உண்டு

ஏர்பேட்டில் காளஹஸ்தி பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்தில் இருந்த அக்கா மெல்லக் கேட்டார்: "தெரிஞ்ச பொண்ணு ஒருத்திக்கு மாசமா இருக்கும்போது எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில புருஷன்கிட்ட சொல்லிடுவாங்களாம்மா? சொன்னா அடிச்சே கொன்னுடுவான்."

அந்தப் பெண் யாரென்று நான் கேட்கவில்லை.

2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ள எச்.ஐ.வி. சட்டத்தின் 9ஆம் பிரிவைச் சொன்னேன். மருத்துவரோ ஆலோசகரோதான் துணைவருக்குச் சொல்லலாம். அதற்கும் பல நிபந்தனைகள். பெண்ணுக்கு அடி உதை விழும், கைவிடப்படுவாள் என்று நியாயமாக அஞ்ச இடமிருந்தால் கணவனிடம் சொல்லவே கூடாது.

அவன் உயிர் மட்டும் என்ன இளப்பமா? இல்லைதான். அவனையும் பரிசோதனைக்கு வரவைக்க வேண்டும், அவளைக் காட்டிக்கொடுக்காமல். அவள் எச்.ஐ.வி.க்கான ஏஆர்டி மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவில் அவனுக்குத் தொற்றாது. மாத்திரை அரசு மையங்களில் இலவசம்.

பஸ் ஏறியும் மனசு கும்மிடிப்பூண்டி ஈழத்தமிழர் முகாமுக்கே போனது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அங்கே ஒருத்திக்கு இந்த நிலை வந்தால், இரவில் எந்தக் கதவைத் தட்டுவாள்?

1097. எச்.ஐ.வி. உதவிக்கான கட்டணமில்லா எண். பெயர் சொல்லாமலே பேசலாம். குறித்துவையுங்கள்.