கிணற்று மீன்கள்

தருமபுரிக்கு அருகே எங்கள் சிற்றூரில், புதுக் கிணறு வெட்டினால் கெண்டைக் குஞ்சுகளை விடுவது வழக்கம். மீன் வாழும் நீர் நல்ல நீர் என்று நம்பியே பருகி வளர்ந்தோம். எங்கள் பற்களில் பழுப்புக் கறை படிந்தபோதும் மீன்கள் துள்ளிக்கொண்டுதான் இருந்தன.

ஃப்ளூரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமே அதன் மேல்வரம்பு. மீனையும் அது உடனே கொன்றுவிடுவதில்லை. செவுள் வழியே புகுந்து எலும்பில் சேர்கிறது. செல்களிலுள்ள நொதிகளை முடக்குகிறது. நாளடைவில் கல்லீரல், சிறுநீரகச் செல்களைச் சிதைக்கிறது.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. காவிரி நீர் வந்தது. எங்கள் கறை போகவில்லை. கிணற்றில் மீன்கள் இன்றும் நீந்துகின்றன. நாங்கள் சாட்சியாக நம்பிய அவையும் எங்களோடு சேர்ந்து நஞ்சுண்டவையே என்றெண்ணுகையில் மனம் கனக்கிறது, நண்பர்களே.