1,600 சுற்றில் ஒரு குடும்பம்

மார்ச் 8, சனி

ஒஹாயோ மாநிலத்தின் மெடினா கவுண்டியில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுவார்கள். பனி உருகும், கூடவே வண்டிகளின் அடிப்பாகமும் கரையும். வீட்டிலிருக்கும் 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் சைலன்சர் ஓரத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருப்பதை வீட்டுக்காரர் இன்று கண்டுபிடித்தார். முகத்தில் கவலையைக் காணோம். 5.0 லிட்டர் வி8 எஞ்சினை வைத்துக்கொண்டு, அது வி8 என்பது காதுக்கே எட்டாமல் ஓட்டுவதா என்ற ஆதங்கம் அவருக்கு வண்டி வாங்கிய நாளிலிருந்தே உண்டு.

மனைவி மறுக்கவில்லை. ஒரே நிபந்தனைதான்: கோடையில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஹாக்கிங் ஹில்ஸ் போகும்போது பின்சீட்டில் சின்னவள் தூங்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது முதலில் தெளிவானது. எஞ்சினிலிருந்து வரும் புகை முதலில் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் நுழைகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற உள்ளமைப்பு நச்சு வாயுக்களை அங்கே மாற்றிவிடுகிறது. அதைக் கழற்றி எறிவது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். மெடினா கவுண்டியில் ‘ஈ-செக்’ என்ற புகைச் சோதனையும் உண்டு. ஆகவே கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாய், சைலன்சர், வால்குழாய் ஆகியவற்றை மட்டும் மொத்தமாக மாற்றுவது என்று முடிவாயிற்று. கடைக்காரர்கள் இதை ‘கேட்-பேக்’ என்கிறார்கள். சைலன்சரே இல்லாமல் வெறும் குழாயைப் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்ன நண்பருக்கு ஒஹாயோ சட்டம் தெரியாது போலும். ஒழுங்காக வேலை செய்யும் சைலன்சர் எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது அது.

மார்ச் 12, புதன்

விளம்பரங்கள் எல்லாம் குதிரைத்திறன் பாட்டுதான் பாடுகின்றன. இந்த எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 395 குதிரைத்திறன். கேட்-பேக் மாற்றினால் கூடுவது சொற்பம். அந்தச் சொற்பமும் எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போதுதான் கிடைக்கும். பள்ளிக்கூடம், மளிகைக்கடை, தேவாலயம் என்று சுற்றும் குடும்ப வண்டி அந்த உச்சத்துக்கு எத்தனை முறை போகும்? இங்கே காசு கொடுத்து வாங்குவது ஓசையை. அதை ஒப்புக்கொண்ட பிறகு தேர்வு சுலபமாக வேண்டும், ஆகவில்லை.

மார்ச் 13, வியாழன்

சிக்கலின் பெயர் ‘ட்ரோன்’. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் அடித்தொண்டை உறுமல் அது. பத்து நிமிடம் கேட்டால் தலை கனக்கும். மூன்று மணி நேரம் கேட்டால் குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

கணக்கு எளியது. நான்கு ஸ்ட்ரோக் வி8 எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கிறது. இவர்களுடைய வண்டியில் பத்து கியர் ஆட்டோமேட்டிக் என்பதால், மணிக்கு 65 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்றுகளை ஒட்டி நிதானமாக ஓடும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 107 வெடிப்புகள், 107 ஹெர்ட்ஸ். நான்கு கதவுள்ள மூடிய கேபின் அந்த அதிர்வெண்ணுக்கு வீணைக் குடம் மாதிரி. பெட்ரோலை மிச்சப்படுத்த வந்த பத்தாவது கியர்தான் வண்டியைத் துல்லியமாக இந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

சைலன்சர்களிலும் சாதி உண்டு. ஃப்ளோமாஸ்டர் பேர் வாங்கிய அறை வகையில் உள்ளே தடுப்புச் சுவர்கள் இருக்கும். ஒலி அலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பழைய அமெரிக்க வி8-இன் கரகரப்பு அதில்தான் முழுசாக வரும், ட்ரோனும் அதோடு சேர்ந்தே வரும் என்பது பட்டறைகளில் பழகிப்போன பேச்சு. போர்லா, மேக்னாஃப்ளோ நிறுவனங்கள் அதிகம் செய்யும் நேர்க்குழாய் வகை வேறு. சல்லடைக் குழாயைச் சுற்றி நார் அடைத்திருப்பார்கள். கீச்சுச் சத்தத்தை நார் விழுங்கிவிடும். அடிக்குரலுக்கு அது போதாது. பெட்டி நீளமாக இருந்தால் கொஞ்சம் தேவலை.

இன்னொரு வழியும் உண்டு. குழாயின் பக்கவாட்டில் முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றை ஒட்டவைப்பது. அலைநீளத்தில் கால்பங்கு நீளமுள்ள கிளைக்குள் போன அலை தலைகீழாகத் திரும்பிவந்து, எதிரே வருவதை அழித்துவிடும். சூடான புகையில் ஒலி வேகமாகப் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 107 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வேண்டும். வீட்டுக்காரர் இதை இரவுச் சாப்பாட்டு மேசையில் நாப்கினில் படம் போட்டு விளக்கினார். பெரியவள் மட்டும் கேட்டாள், அதுவும் இயற்பியல் தேர்வு வருவதால்.

மார்ச் 15, சனி

உலோகம். அலுமினியம் பூசிய எஃகு மலிவு. உப்பு ஊரில் பூச்சு போனால் கதை முடிந்தது. ஸ்டெயின்லெஸ் எஃகின் 409 ரகத்தில் குரோமியம் சுமார் 11 சதவீதம். மேலே செந்துரு படரும், காந்தம் ஒட்டும். 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8. விலை ஆயிரம் டாலரைத் தாண்டிவிடுகிறது. உப்புக்கு 304-உம் சாகாவரம் பெற்றதல்ல, ஆனால் நெடுநாள் தாங்கும். வண்டியை விற்கும் எண்ணமில்லாத வீடு. 304 என்று முடிவு.

மார்ச் 16, ஞாயிறு

குழாயின் வாய் எங்கே வரவேண்டும்? பின்னால் இரட்டைக் குழாய் பார்க்க அழகு. ஆனால் இந்த வீட்டில் பின்கதவை இறக்கிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டுத்தான் மதியச் சாப்பாடு. சுடும் குழாய் பிள்ளைகளின் கெண்டைக்கால் பக்கம் வேண்டாம். டிரெய்லரின் முகத்தில் புகை அடிக்கவும் வேண்டாம். ஃபோர்டு வைத்தபடியே வலப்பக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒற்றைக் குழாய்.

2021 எஃப்-150 ராப்டரில் ஃபோர்டே வால்வு வைத்து, ‘அமைதி’ முதல் ‘பாஹா’ வரையிலான நிலைகளில் ஓசையை மாற்றிக்கொள்ளும் வசதி கொடுத்திருக்கிறது. அதை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, கிளைக்குழாய் சேர்ந்த நீளமான நேர்க்குழாய் செட்டுக்கு ஆர்டர் போட்டார்.

மார்ச் 29, சனி

முதல்நாள் இரவே துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தாயிற்று. இரண்டு கழன்றன; ஒன்றை அறுக்க வேண்டியிருந்தது. ரப்பர் தாங்கிகள் சோப்புத் தண்ணீருக்கு வழிவிட்டன. புதிய செட்டை மாட்டி முடித்து முதல் ஸ்டார்ட்டில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க எஞ்சின் தானாகவே வேகம் கூட்டிக்கொள்ளும் நேரம் அது. எந்தக் குழாய் போட்டாலும் அந்த ஒரு நிமிடம் சத்தமாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 5, சனி

சூடேறி ஆறியதில் கிளாம்ப்புகள் தளர்ந்திருக்கும் என்று எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கினார். பிறகு குடும்பமே ஏறிக்கொள்ள, மனைவி ஓட்ட, ஐ-71 நெடுஞ்சாலை. 65 மைலில் கேபினுக்குள் டயர் சத்தமும் சின்னவளின் கார்ட்டூனும்தான் கேட்டன. வீட்டுக்காரர் வெற்றிப் புன்னகையோடு திரும்பினார். மனைவிக்கு ஏமாற்றம்: “இதுக்கா ஆயிரம் டாலர்?”

அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்ப ஏறச் சொன்னார் வீட்டுக்காரர். ஏறுபாதையில் மனைவி ஆக்சிலரேட்டரை அழுத்த, முள் ஐயாயிரத்தைத் தாண்டியது. சின்னவள் கார்ட்டூனை நிறுத்திவிட்டு இன்னொரு முறை என்று கத்தினாள். அதற்கடுத்த எக்ஸிட்டில் இறங்கியபோது மனைவி யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.