தையற்பையின் கணக்கு

நமது பாட்டிமார் இடுப்பிற் செருகியிருந்த சுருக்குப்பையை அறியாதார் நம்மில் இரார். வெற்றிலை ஒரு மடிப்பில், பாக்கு ஒரு மடிப்பில், சில்லறைக் காசு ஒரு மடிப்பில், நூல் கோத்த ஊசியொன்று துணிச்சுருளிற் குத்தியபடி மற்றொரு மடிப்பில். இத்தனையும் ஒரு சாண் துணிக்குள் அடங்கியிருந்தன. ஒன்றை எடுக்க மற்றொன்றைக் கொட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு நேர்ந்ததில்லை. இருட்டிலும் விரல் தானாகவே வழி கண்டு செல்லும். தம் பெயரில் வீடோ நிலமோ இல்லாத அம்மூதாட்டியரிற் பலருக்கு, பிறர் அவிழ்க்கக் கூடாத தனியுடைமை என்று இருந்தது அந்தப் பை ஒன்றே.

அவர்களுடைய பேத்திமாரிடம் சென்று, "தையற்சாமான் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் காட்டுவார்கள். விருந்தாளி வீட்டுக் குழந்தை ஆவலோடு மூடியைத் திறந்தால், உள்ளே பல வண்ண நூல்கள் சடைபிடித்துக் கிடக்கும். அந்தச் சடைக்குள் கொக்கிகள், கழுத்தொடிந்த குண்டூசிகள், இணை பிரிந்த பொத்தான்கள், முனை மழுங்கிய இயந்திர ஊசிகள். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில் ஒரு கறுப்பு நூல்கண்டைத் தேடி வீடே இரண்டுபடும்.

இது சோம்பலின் விளைவு என்று கூறுவார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. பால் வெட்டும் கத்திக்கு லயத்துச் சுவரில் ஓர் ஆணி உண்டு. தச்சனின் உளிக்குப் பெட்டியில் ஓர் அறை உண்டு. நான் வேலை பார்க்கும் தோட்டத்து அலுவலகத்தில், அரை நாள் வேலைக்கான துண்டுச் சீட்டுக்குக்கூட ஒரு கோப்பு உண்டு. ஏன்? அவற்றின்மீது கூலி நிற்கிறது. கூலி நிற்கும் பொருளுக்கு இடம் கிடைக்கும். பெண்ணின் ஊசிக்கும் நூலுக்கும் வீட்டில் இடம் கிடையாமற் போனதன் காரணம், அவள் செய்வது வேலையென்று வீட்டார் இன்னும் ஒப்புக்கொள்ளாமையேயன்றி வேறன்று. "சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ தைக்கிறாள்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

இதை நான் கற்றது சுங்கை பூலோவில் வாழும் என் தமக்கையாரிடம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றைப் போலவே அவரும் அடுக்குமாடி வீட்டில் குடியேறி, இரண்டு அறைகளுக்குள் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு ரவிக்கை தைத்து வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன், கல்யாண வீடொன்றிலிருந்து ஒன்பது ரவிக்கைத் துணிகள் வந்திருந்தன. அளவுக்காகக் கொடுத்த பழைய ரவிக்கைகள் இரண்டு ஒரே குவியலில் இடம் மாறிவிட்டன. மணப்பெண்ணின் பட்டு, அவளுடைய அத்தையின் அளவுக்கு வெட்டுண்டது. பெரிய அளவைச் சிறியதாக்கலாம் என்பதால் துணி தப்பியது. ஆனால் பிரித்துத் தைத்த இரண்டு இரவுகளும் கூலியில்லாமற் போயின. சொன்ன நாளில் கொடுக்க இயலாமையால் அந்த வீட்டார் மறுமுறை வரவுமில்லை.

அவ்வமயம் தமக்கையார் கண்ட பரிகாரம் கடையிலே வாங்கியதன்று. இளமையில் அவர் சுங்கை பூலோவின் நாற்றுப்பண்ணை ஒன்றில் நாட்கூலியாக இருந்தவர். 1930ஆம் ஆண்டில் தொழுநோயாளருக்கென அமைக்கப்பெற்ற குடியிருப்பைச் சூழ்ந்து வளர்ந்த அந்தப் பண்ணைகளை, பூச்செடி வாங்கச் செல்லும் கோலாலம்பூர்வாசிகள் நன்கறிவர். கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பி, நாற்று ஊன்றி, வரிசை வரிசையாக அடுக்குவதே அவருடைய அன்றைய வேலை. "தம்பி, நாற்றில் எல்லா இலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சீட்டுக் குத்தாத பையை யார் நம்பி வாங்குவார்கள்?" என்று அவர் கேட்டார். ரப்பரின் கதையும் அதுவே. 1925இல் நிறுவப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் அமைந்திருந்ததும் சுங்கை பூலோவிலேதான். இன்று அந்நிலத்தில் குவாசா டாமான்சாரா என்னும் நகரம் எழுந்து வருகிறது. நாற்றின் ஒட்டினத்தைத் தவறாகக் குறித்துவிட்டால், ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கழித்து மரத்தில் கத்தி வைக்கும்போதுதான் பிழை முழுவதும் வெளிப்படும். பெயர் எழுதாத பை, காலங்கடந்து காட்டிக்கொடுக்கும் கடன்.

அந்த அறிவைத் தமக்கையார் துணிக்கு மாற்றினார். ஒரு ரவிக்கைக்கு ஒரு பை என்பதே அவர் வகுத்த விதி. வாயில் ஜிப் வைத்த, உள்ளே இருப்பது வெளியே தெரியும் சாதாரணச் சமையலறைப் பைதான் அது. துணி, உள்துணி, அளவு ரவிக்கை, அதற்கு ஒத்த நூல்கண்டு, அதே நூல் சுற்றிய பாபின், எண்ணிப் போட்ட கொக்கிகள், இவை யாவும் அந்த ஒரே பைக்குள். முகப்பில் ஒரு சீட்டு: யாருடையது, எந்நாள் வந்தது, எந்நாள் கொடுக்க வேண்டும், கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு. அவருக்குக் காஜா எடுத்துக் கொடுக்கும் மூதாட்டியார் பள்ளி வாயிலை மிதியாதவர். ஆகவே சீட்டின் மூலையில் அத்துணியின் நறுக்கு ஒன்றையும் தைத்துவிட்டார். எழுத்தறியாதவரும் வாசிக்கத்தக்க சீட்டு அது! ஆங்கிலப் பள்ளியிற் படித்து, கோப்பும் பேரேடும் ஆளும் எனக்கு இந்த யுக்தி தோன்றியிராது.

சில்லறைச் சாமான்களுக்குச் சிறு பைகள். அவற்றைப் படுக்கவைத்துக் குவித்தால் மீண்டும் பிஸ்கட் டப்பாவே ஆகிவிடும். ஐஸ்கிரீம் டப்பாவிலோ செருப்புப் பெட்டியிலோ, அஞ்சலட்டைகளைப் போல நிமிர்த்தி அடுக்க வேண்டும். பொத்தான் வணிகத்தில் ஓரங்குலத்தை 40 கூறாக்கி அளப்பர். 18 என்றால் சட்டைப் பொத்தான், 24 என்றால் அதனினும் பெரியது. அந்த எண்ணைப் பையின்மேல் எழுதிவைப்பது கடைக்காரருக்கும் நமக்கும் பொதுமொழியாகும். இயந்திர ஊசியில் 80 என்பது தண்டின் பருமன் 0.80 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். மெல்லிய பட்டுக்கு 70, சாதாரணப் பருத்திக்கு 80, கனத்த துணிக்கு 90, 100. உறையிலிருந்து வெளியே எடுத்துக் கலந்துவிட்டால் அவையும் நாற்றுக்களைப் போலவே. வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆகையால் ஊசியை அதன் உறையோடு பையிலிடுக. ஒருமுறை இயந்திரத்தில் ஏறி இறங்கிய ஊசிக்கு வேறு பை வைக்க.

எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் அடைத்துவிடலாம் என்று எண்ணற்க. நமது நாடு ஈரக் காற்றின் நாடு. மழைநாளில் மூடிய பைக்குள் ஈரமும் சேர்ந்து அடைபடும். ஊசி துருப்பிடிக்கும், துருப்பிடித்த ஊசி ஒரே குத்தில் வெள்ளைத் துணியைக் கெடுத்துவிடும். மாத்திரைப் புட்டியிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை வீசிவிடாமல் ஊசிப் பையில் இடுவது நலம். பட்டும் ஜரிகையும் நெடுநாள் கிடக்கவேண்டுமாயின் வெளுத்த பருத்தித் துணியிற் சுற்றித் துணிப்பையில் வைத்தலே முறை; காற்றுப் புகாத இடத்தில் பூசணம் புகும். இழுவை நாடாவின் நிலை வேறு. அதன் உள்ளிருப்பது பெரும்பாலும் ரப்பர். வெயிலும் வெப்பமும் காற்றும் அதன் பகைவர். நாடாவை இறுக மூடி இருட்டில் வைக்க. நம் முன்னோர் விடியற்காலையில் பனியில் நின்று வடித்த பாலுக்கு இந்த மரியாதையாவது செய்வோம். மேலும், பிளாஸ்டிக் பையும் ஊசியும் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

"இதற்கெனப் பைகளை வாங்கினால் குப்பை பெருகாதா?" என்பது நியாயமான கேள்வி. பாலித்தீன் என்னும் பொருள் 1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டறியப்பெற்றது. ஜிப் வைத்த சமையலறைப் பை 1968இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்குள் அரசுகள் பைகளுக்கு எதிராகச் சட்டம் செய்ய நேர்ந்துவிட்டது. நம் சிலாங்கூர் மாநிலம் 2010இல் சனிக்கிழமைகளில் பிளாஸ்டிக் பை தவிர்க்கும் இயக்கத்தைத் தொடங்கி, 2017ஆம் ஆண்டு முதல் எந்நாளும் பை ஒன்றுக்கு 20 காசு விதித்தது. தமிழ்நாட்டரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று பழைய துணிப்பையை அழைத்து வந்தது. நான் கூறுவது வாங்குவதையன்று. வீட்டுக்குள் முன்னமே வந்துவிட்டதை வெளியே எறியாமையை. போர்வை வந்த ஜிப் உறை, பத்துக் கிலோ அரிசி வந்த பை, பலசரக்கு வந்த துணிப்பை, இவை ஒவ்வொன்றுக்கும் தையலறையில் ஒரு வேலை உண்டு. பத்து நிமிடம் வாழ்ந்து குப்பைக்குச் செல்லும் பை, அங்கே பல ஆண்டு வாழும்.

இனி, கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் தேடுவதிற் கழிகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 300 வேலை நாட்களில் அது 75 மணி நேரம். ரவிக்கை ஒன்றுக்கு மூன்று மணி நேரமாயின், ஆண்டுக்கு 25 ரவிக்கைகளின் கூலி அந்த டப்பாவுக்குள் மறைந்துவிடுகிறது. எந்த முதலாளியும் பிடித்தம் செய்யாத இந்தப் பணத்தை நம் வீட்டு ஒழுங்கின்மையே பிடித்தம் செய்கிறது.

ஆனால் தமக்கையாருக்குக் கிடைத்த பெரும்பயன் இதுவுமன்று. வேலை முடிந்து பை காலியானதும் சீட்டை அவர் எறிவதில்லை. ஒரு கம்பியில் கோத்து வைப்பார். ஆறு மாதம் சென்றபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கம்பியை அவர் என்முன் வைத்து, கூட்டித் தரும்படி சொன்னார். அத்தானும் அருகில் அமர்ந்திருந்தார். நான் கூட்டினேன், மறுபடியும் கூட்டினேன். அவ்வாறு மாதத்து வீட்டு வாடகை முழுவதையும், பிள்ளையின் பள்ளிச் செலவிற் பாதியையும் அச்சீட்டுகள் ஈடுகட்டின. "பொழுதுபோக்கு" என்னும் சொல்லைப் பன்னிரண்டு ஆண்டுகளாக வழங்கிவந்த அத்தான் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பின்னர், "இயந்திரத்துக்கு மேலே ஒரு விளக்குப் போட வேண்டும், கண் கெடும்" என்றார். அடுத்த வாரம் விளக்கும் வந்தது. விளக்கின் அடியில் பைகளை மாட்ட ஒரு சட்டமும் வந்தது. அவருடைய சம்பளத்தைத் தமக்கையார் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. தம் கூலியும் அதன் பக்கத்தில் எழுதப்பட வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால், ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் ஒன்றுண்டு. இயந்திரம் தருவது நன்றே. இங்கும் சங்கங்கள் அவ்வாறு தருமாயின் வரவேற்போம். ஆயினும் இயந்திரத்தோடு இருபது பைகளும் நூறு சீட்டுகளும் ஒரு கணக்குப் புத்தகமும் சேர்ந்து வரவேண்டும் என்பது என் கோரிக்கை. இயந்திரம் தையலைத் தரும். கணக்கே அவளைத் தொழிலாளி என்று வீட்டாருக்கு அறிவிக்கும். பெண் விடுதலையைப் பற்றி மேடையில் நெடுநேரம் முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து "என் சட்டைக்குப் பொத்தான் எங்கே?" என்று அதட்டும் ஆடவரும் நம்மிடையே இருக்கின்றனர். அத்தோழர்கள் வரும் ஞாயிறன்று பிஸ்கட் டப்பாவைப் பாயின்மேல் கவிழ்த்து, வீட்டுப் பெண்ணின் அருகில் அமர்ந்து, அவள் சொல்லும் முறைப்படி நூலையும் கொக்கியையும் பிரித்துப் பைகளில் இடுவார்களாக. சீட்டில் என்ன எழுதுவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.