5 வெள்ளி நோட்டில் இருக்கும் பறவை

ரெண்டு மாசமா ஏன் கோயில் பக்கம் காணோம்னு பல பேர் கேட்டீங்க. வீட்டுக்காரிக்கு ஸ்ட்ரோக். வலது கை, கால் வரல. பிள்ளைங்க வெளியூர்ல. ஷிப்ட் முடிஞ்சா நேரா வீடுதான். கஞ்சி வைக்கணும், ஊட்டணும், துணி மாத்தணும்.

செந்தூல்ல இருந்துகிட்டு வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு நிக்க முடியலையேன்னு மனசு குத்திக்கிட்டே இருந்தது.

போன வருஷம் நம்ம தொண்டர்கள் கோப்பேங் போனோமே, ஞாபகம் இருக்கா? உலு கெரோவில் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி பார்த்தோம். கறுப்பு இறக்கையில் பளபளன்னு பச்சை, கழுத்துல சிவப்பு. 1855-ல் வாலஸ் என்ற வெள்ளைக்காரர் சரவாக் ராஜா ஜேம்ஸ் புரூக் பேரை அதுக்கு வச்சாராம். ஈர மண்ணில் கூட்டமா உட்கார்ந்து உப்புத் தண்ணி உறிஞ்சினதெல்லாம் ஆண் பூச்சிங்க. எல்லாரும் போனில் படம் எடுத்தோம். பெண் பூச்சி பெரும்பாலும் மரத்து மேலேயே இருக்குமாம், கண்ணுல படல.

அங்கே வழிகாட்டியா வந்த அஸ்லிக்காரர் எங்காங் பறவை பத்தியும் சொன்னார். நம்ம ஆளுங்க இருவாச்சின்னு சொல்றது. பெட்டை மரப்பொந்துக்குள்ள போய், மண்ணும் எச்சமும் வச்சு வாசலை அடைச்சுக்கும். அலகு நுழையற அளவு இடுக்குதான் மிச்சம். அடைகாக்க மட்டும் 37 முதல் 46 நாள் ஆகும். ஆண் பறவை காடெல்லாம் அலைஞ்சு அத்திப்பழம் கொண்டு வந்து, ஒவ்வொண்ணா அந்த இடுக்கு வழியா ஊட்டும். ஆணுக்கு ஏதாவது ஆச்சுன்னா உள்ளே இருக்கிறதுங்க பாடு திண்டாட்டம்தான். அன்னிக்கு, "நல்ல வீட்டுக்காரன்!"னு சொல்லி சிரிச்சோம்.

இப்போ கரண்டியைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தப் பறவைதான் ஞாபகம் வருது. நான் இத்தனை வருஷம் அந்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இருந்திருக்கேன். ஜிப்பா போட்டுக்கிட்டு கூட்டத்தோட முன்னால நிப்பேன். வீட்டுல அவ ஒருத்தியே எல்லாத்தையும் பார்த்துக்கிட்டா. பூச்சியும் ஆண்டவன் படைப்புதான், குறை சொல்லல. ஆனா எனக்கு இப்போ எங்காங் வேலை கொடுத்திருக்கான் முருகன். இதுவும் அவன் தொண்டுதான்.

ஒரு வேண்டுகோள். கோயிலுக்கு வழக்கமா வர்ற ஒருத்தர் திடீர்னு நின்னுட்டா, "ஏன் வரல?"ன்னு மட்டும் கேட்காதீங்க. ஒரு பொட்டலம் பிரசாதத்தோட வீட்டுக்கே போய்ப் பாருங்க. உண்டியல் எண்ணும்போது 5 வெள்ளி நோட்டைத் திருப்பிப் பாருங்க, அந்தப் பறவை இருக்கும்.

நேத்து அவ இடது கையால தானே கரண்டி பிடிச்சா. நடக்கற அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே வர்றோம்.

முருகா சரணம் 🙏