ஆறு துளைகள்

கரமனையில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியவை. ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் கேட்கும். அதனால் நாங்கள் குளியலறைச் சுவரில் ஆறு துளைகள் போட்டது தெருவுக்கே தெரியும். அதற்கு ஒரு மாதம் ஆனது ஏன் என்பதுதான் தெரியாது.

அம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. இளவயதில் கரமனை ஆற்றுப் படித்துறையில் குளித்துவிட்டு, இடுப்பில் குடத்தோடு ஈரக் கல்படி ஏறியவள். அங்கே ஒரு நாளும் விழவில்லை. விழுந்தது, 2016-ல் நான் பெருமையாகப் புதுப்பித்த குளியலறையில்.

எலும்பு முறியவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. இனி தாழ்ப்பாள் போடாமல் குளிக்கும்படி சொன்னோம். விழுந்ததைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. ஏதாவது காரணம் சொல்லிக் குளிப்பதையே தள்ளிப்போட ஆரம்பித்தாள்.

சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தலாம் என்றேன். "எனக்கு எதுக்குடா அதெல்லாம்? சுவத்தைப் பிடிச்சுண்டு நடந்துக்கறேன்" என்றாள். அந்தச் சுவரில் பிடிக்க என்ன இருக்கிறது? தரைக்குப் போட்ட அதே வழவழப்பான போர்சலின் டைல்ஸைத்தான் சுவருக்கும் ஒட்டியிருந்தேன்.

முதலில் வந்தவர் டிரில்லிங் மெஷினை வைத்து அழுத்தினார். முனை வழுக்கி ஓடியது. செங்கல் சுவருக்குச் செய்வதுபோல் இடித்துத் துளைக்கும் விசையைப் போட்டார். 'டிக்' என்று ஒரு சத்தம். டைல்ஸின் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "போதும், விட்டுடு" என்றாள். ஒரு மாதம் விட்டுவிட்டேன்.

இந்த ஓடும் மண்பானையும் ஒரே வம்சம்தான். பானையில் நீர் கசியும், அதனால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிரும். போர்சலினோ களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் சேர்த்து, சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டு இறுக்கியது. தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. சாதாரண எஃகு முனை அதில் மழுங்கிப்போகும். ஆனால் இவ்வளவு கடினமானதற்கு வளையத் தெரியாது. அடித்தால் உடையும்.

இரண்டாவதாக வந்தவர் நாகர்கோவில்காரர், வயதானவர். "இதை இடிக்கப்படாது சார், அரைக்கணும்" என்றார். வைரத்தூள் பதித்த, குழாய்போல் உள்ளீடற்ற பிட் ஒன்றை பாட்டரி மெஷினில் மாட்டினார். குறித்த இடத்தில் காகித டேப் ஒட்டி, இணைப்பிலிருந்தும் ஓரத்திலிருந்தும் தள்ளியே வைத்தார். குழாய் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுக்கொண்டார். பிட்டைச் சாய்த்துப் பிடித்து, பிறை போல ஒரு கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்தினார். வேகம் குறைவு, அழுத்தமும் குறைவு. சூடேறாமல் இருக்க ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருப்பது என் வேலை. வெள்ளைக் குழம்பு வழிந்தது.

ஓடு துளைந்து செங்கல் தெரிந்த பிறகுதான் சாதாரண பிட்டுக்கு மாறினார். பிளாஸ்டிக் பிளக்கை ஓட்டைத் தாண்டிச் சுவருக்குள் தள்ளினார். "பிளக் ஓட்டுக்குள்ள இருந்தா, திருகு முறுக்கும்போது விரிஞ்சு ஓட்டைப் பிளந்துடும்." ஒவ்வொரு துளைக்கும் அதே பொறுமை. கடைசியில் கைப்பிடியைத் தன் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்துவிட்டு, "இனி அம்மா வரலாம்" என்றார்.

நான் பஞ்சைப் பிடித்திருந்த நேரமெல்லாம் 2016-ஐத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் ஓடு தேர்ந்தெடுத்தபோது நிறம் பார்த்தேன், பளபளப்பு பார்த்தேன், வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று பார்த்தேன். ஈரக்காலோடு அதன்மேல் தினமும் நிற்கப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாக இருந்தால் சொரசொரப்பானதைத்தான் காட்டியிருப்பாள். படித்துறையில் பழகிய கால் அல்லவா?

தரைக்கு இப்போது வழுக்காத விரிப்பும் போட்டாயிற்று. விரிசல் விட்ட ஓட்டை மட்டும் மாற்றவில்லை. என் கண்ணில் படட்டும்.

மறுநாள் காலை அம்மா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். நான் கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.