பெஞ்சில் அமர்ந்திருந்தவர்

குற்ற நாவல்களை ஒளித்துவைத்துப் படித்த காலம் ஒன்று எனக்கு உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாமல் தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படித்தது முதல் கட்டம். இலக்கிய நண்பர்களுக்குத் தெரியாமல் படித்தது இரண்டாம் கட்டம். கூட்டத்தில் அசோகமித்திரனைப் பற்றிப் பேசிவிட்டு, திரும்பும் ரயிலில் அட்டை போட்ட துப்பறியும் நாவலைப் பையிலிருந்து எடுப்பேன். அந்தக் கூட்டங்களுக்கு வரும் மூத்த நண்பர் ஒருவர், துப்பறியும் நாவலை ஒருமுறைக்கு மேல் படிக்க முடியாது, கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு அதில் என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்பார். எனக்கும் அதற்குப் பதில் இருந்ததில்லை. அந்தப் பதிலைத் தந்தது கெய்கோ ஹிகாஷினோவின் 'த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. முதல் வாசிப்பில் தரவில்லை. இரண்டாம் வாசிப்பில்தான் தந்தது.

நாவலை இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. முடிவைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை.

ஜப்பானில் 2005ல் நூலாக வந்து நவோகி பரிசு பெற்ற நாவல் இது. ஆங்கிலத்தில் 2011ல் வந்தது. யார் கொலை செய்தது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. மதிய உணவுப் பொட்டலங்கள் விற்கும் கடையில் வேலை பார்க்கும் யாசுகோவும் அவள் மகள் மிசாதோவும், தொல்லை தரும் முன்னாள் கணவன் டொகாஷியைக் கொன்றுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு இஷிகாமி, பள்ளியில் கணிதம் கற்பிக்கிறவர், யாசுகோவை மௌனமாக நேசிப்பவர், தானாக வந்து உதவுகிறார். அவருடைய பழைய கல்லூரித் தோழரும் இயற்பியலாளருமான யுகாவா அந்தப் புதிரை அவிழ்க்கிறார். ஒரு காலத்தில் இஷிகாமி தூக்கு மாட்டிக்கொள்ளவிருந்த நேரத்தில், புதிதாகக் குடிவந்த தாயும் மகளும் அறிமுகம் செய்துகொள்ளக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவர் உயிர் பிழைத்தது அந்தக் கதவொலியால்தான். இந்த இடத்துக்கு வரும்போது வாசகன் முழுதாக இஷிகாமியின் பக்கம் சாய்ந்துவிடுகிறான். நானும் சாய்ந்தேன். கடைசிப் பக்கத்தில் அந்த மனிதர் கதறி அழும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. இப்படியும் ஒரு காதலா என்று நண்பர்களுக்கு நீண்ட கடிதம் எழுதினேன்.

சில ஆண்டுகள் கழித்து, தூக்கம் வராத ஓர் இரவில், மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். இஷிகாமி காலையில் பள்ளிக்கு நடந்து போகிறார். சுமிதா ஆற்றங்கரையில் நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்புகளால் கட்டிய குடிசைகள். வீடற்றவர்கள் அவரவர் அன்றாடத்தில் இருக்கிறார்கள். ஒருவர் காலி டின்களை நசுக்கிக்கொண்டிருக்கிறார். சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சில், அண்மையில் அங்கு வந்து சேர்ந்த ஒருவர், தொழில்நுட்ப இதழ் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறார். இஷிகாமி தன் மனதுக்குள் அவருக்கு என்ஜினியர் என்று பெயர் வைத்திருக்கிறார். இன்னும் குடிசை கட்டிக்கொள்ளாதவர், இதழ் படிப்பதை விடாதவர். மீண்டும் ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவரிடம் மிச்சமிருந்திருக்க வேண்டும்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனென்றால் இஷிகாமி கொல்லப்போவது இவரைத்தான். டொகாஷியின் உடலை மறைத்துவிட்டு, அடுத்த நாள் இந்த மனிதரைக் கொன்று, முகத்தைச் சிதைத்து, டொகாஷியின் பிணமாக ஆற்றோரம் கிடத்துகிறார். அந்த நாளில் யாசுகோ எங்கிருந்தாள் என்று போலீஸ் துருவுகிறது. அவள் சொல்வது அத்தனையும் உண்மை, ஏனென்றால் அன்று அவள் யாரையும் கொல்லவில்லை. ஆற்றங்கரையிலிருந்து ஒருவர் காணாமல்போனால் யாரும் தேடிவரப் போவதில்லை என்ற ஒரே நிச்சயத்தின்மேல்தான் திட்டம் முழுவதும் நிற்கிறது.

இதெல்லாம் முதல் வாசிப்பிலேயே எனக்குத் தெரியும். நாவலே விளக்கிச் சொல்லிவிடுகிறது. 'என்ன ஒரு மூளை' என்று வியந்தேனே தவிர, செத்தவருக்காக ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நண்பர்களுக்கு எழுதிய அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இஷிகாமியின் தனிமை, தியாகம், கணிதம் எல்லாம் அதில் இருந்தன. பெஞ்சில் இருந்தவரைப் பற்றி ஒரு வரி இல்லை. வடிவியல் கணக்கைப் போலத் தோற்றம் தந்து, உண்மையில் வேறு கணக்காக இருக்கும் வினாக்களைத் தேர்வுக்குத் தயாரிப்பதாக இஷிகாமி ஓரிடத்தில் சொல்கிறார். முன்முடிவோடு அணுகுகிறவர்கள் தவறிவிடுவார்கள். ஒரு கொலையைக் காதல் கதை என்று எண்ணிப் படித்த நானும் அந்தத் தேர்வில் தவறியவன்தான்.

இதற்குப் பின் யூ மிரியின் 'டோக்கியோ உவேனோ ஸ்டேஷன்' கைக்கு வந்தது. ஜப்பானில் 2014ல் வெளியாகி, மார்கன் கைல்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்புக்காக 2020ல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்ற நாவல். கதை சொல்கிறவர் காஸு, இறந்துபோனவர். ஃபுகுஷிமாவைச் சேர்ந்தவர், 1933ல் பிறந்தவர். பேரரசர் அகிஹிதோ பிறந்ததும் அதே ஆண்டு. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான கட்டுமான வேலைக்கு வந்து மண் சுமந்தவர். அவருடைய மகனும் பட்டத்து இளவரசரின் மகன் நருஹிதோவும் 1960ல் ஒரே நாளில் பிறக்கிறார்கள். அந்த மகன் இருபத்தொரு வயதில் செத்துப்போகிறான். முதுமையில் காஸு உவேனோ பூங்காவில் நீல விரிப்புக் குடிசையில் வந்து ஒதுங்குகிறார். அரச குடும்பத்தினர் அந்தப் பக்கம் வரும் நாள்களில் குடிசைகளைக் கலைத்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அறிவிப்பு ஒட்டப்படுகிறது. மழையானாலும் போகத்தான் வேண்டும்.

இந்த நாவலில் புதிர் இல்லை, துப்பறிபவர் இல்லை. ஆனாலும் ஹிகாஷினோ சொல்லாமல் விட்டதை யூ மிரி சொல்லிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது. நீல விரிப்புக்கு அடியில் இருப்பவருக்கு ஊர் உண்டு, கடன் உண்டு, மகனின் சவத்தோடு உட்கார்ந்த இரவு உண்டு. ஹிகாஷினோவைக் குறை சொல்லவில்லை. அவர் அந்த மனிதரை முதல் அத்தியாயத்திலேயே, பட்டப்பகலில், நம் கண்ணெதிரே உட்காரவைத்திருக்கிறார். பார்க்காமல் கடந்துபோனது நான்.

எங்கள் ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிகளுக்கு அடியில் ஒரு பெரியவர் இருந்தார். யாரோ போட்டுவிட்டுப் போன செய்தித்தாளை மடி கலையாமல் நீவிப் படிப்பார். பல ஆண்டுகள் தினமும் பார்த்திருக்கிறேன். யூ மிரியைப் படித்து முடித்த வாரம் அந்தப் படிகளில் இறங்கும்போதுதான் அவர் அங்கு இல்லை என்பது உறைத்தது. போன மாதமா, போன வருடமா, எப்போதிலிருந்து இல்லை என்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் பூ விற்கும் அம்மாளிடம் கேட்டேன். "அவரா? ரொம்ப நாளாச்சே சார்" என்றார்.

ஹிகாஷினோவின் நாவலை அந்த மூத்த நண்பருக்குக் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பித் தந்தார். "நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். அந்தக் காதல் பெரிய விஷயம்தான். ஆனால் முடிவு தெரிந்துவிட்டதே, இனி எதற்கு?" என்றார்.

"பெஞ்சில் உட்கார்ந்து இதழ் படித்துக்கொண்டிருந்தாரே, அவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எந்த பெஞ்ச்?" என்றார்.

சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு கையை நீட்டிப் புத்தகத்தை மறுபடியும் வாங்கிக்கொண்டார்.