ஆறு மணி நேரப் பானகம்

எங்கள் பில்டிங்கில் பதினொன்றாவது படிக்கும் பையன் ஒரு ஃபார்மை நீட்டினான். “மாமா, இதுல ஒரு சைன் வேணும்.” சமூக சேவை, தேதி, இடம், எத்தனை மணி நேரம், மேற்பார்த்தவர் கையெழுத்து என்று வரிசையாகக் கட்டங்கள். ராமநவமியன்று பஜன சமாஜ வாசலில் பானகம் ஊற்றிக் கொடுத்தானாம். ஆறு மணி நேரம். “நீங்கதான் பாத்தேளே!” நான் பார்த்தது ஒரு டம்ளர் குடிக்கிற நேரம். சுக்கு ஜாஸ்தி என்று குறை வேறு சொல்லிவிட்டு நகர்ந்தேன். அதுவும் மேற்பார்வைதானே என்று கையெழுத்தைப் போட்டேன்.

சேவையை மணிக்கணக்கில் அளப்பது புதுப் பழக்கமில்லை. காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. வருஷத்துக்கு 120 மணி, இரண்டு வருஷத்தில் 240. அதன் சின்னம் கோனார்க் தேர்ச்சக்கரம். அதிலுள்ள எட்டு ஆரங்கள் நாளின் இருபத்துநாலு மணி நேரத்தைக் குறிக்கின்றன. ராப்பகல் எந்நேரமும் தயார் என்று அர்த்தம். கொள்கை வாசகமோ, எனக்காக அல்ல, உனக்காக என்பது. சட்டையில் இந்தச் சின்னத்தைக் குத்திக்கொண்டு, நோட்டில் 118, 119 என்று கூட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் திங்களூர் ஞாபகம் வந்துவிடும்.

திருவையாற்றுக்குப் பக்கத்து ஊர். அங்கே அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார். பந்தலில் தன் பேரைப் போடவில்லை, நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசரின் பேரைப் போட்டிருந்தார். மாடு கன்றுக்கும் அதே பேர். பிள்ளைகள் மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு. வீட்டில் ஒரு குரல் கொடுத்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. வெயிலில் அந்தப் பக்கம் வந்த திருநாவுக்கரசரே, உம்முடைய பேரை வைக்காமல் வேறொருவர் பேரை ஏன் வைத்தீர் என்று கேட்க, வந்தவர் யாரென்று தெரியாமல் அப்பூதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. சேக்கிழார் ரசித்து எழுதிய இடம்.

என் கண் அங்கே நிற்பதில்லை. மூத்தவன்மேல் போகிறது. விருந்துக்கு வாழைக்குருத்து அரிந்து வரச் சொல்லி அவனை அனுப்புகிறார்கள். நமக்கு இந்த வேலை கிடைத்ததே என்று ஓடுகிறான். அரிகையில் பாம்பு கடித்துவிடுகிறது. சொன்னால் அடியவர் சாப்பாடு தாமதப்படும் என்று, விஷம் தலைக்கேறுவதற்குள் ஓடிவந்து இலையை அம்மா கையில் கொடுத்துவிட்டு விழுகிறான். பெற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. உடலை மறைத்துவைத்துவிட்டு, சாப்பிட வாருங்கள் என்கிறார்கள். நாவுக்கரசர் மூத்தவன் எங்கே என்று கேட்டு, விஷயத்தை வரவழைத்து, பதிகம் பாடி எழுப்புகிறார். பையன் தூங்கி எழுந்தவன்போல எழுகிறான். இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போடும்: பிள்ளை பிழைத்ததற்குத் தாயும் தகப்பனும் சந்தோஷப்படவில்லையாம், இவனால் அடியவர் அமுது செய்வது தடைப்பட்டதே என்று வருந்தினார்களாம்!

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பக்திக்கு அது சரியாக இருந்திருக்கும். நான் அந்தப் பையனின் கட்சி. மேற்பார்த்தவர் யாருமில்லாமல் வாழைக் கொல்லையிலிருந்து வாசல்வரை ஓடினானே, அதை ஃபார்மில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஃபார்ம் இல்லாத பையன்கள் இப்போதும் இருக்கிறார்கள். பார்க்க வேண்டுமானால் ஜூலையில் எங்கள் மும்பை கிங்ஸ் சர்க்கிளுக்கு வாருங்கள். தாழ்வான இடம். மழை கொட்டும் நேரமும் கடலில் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் சாக்கடைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் காந்தி மார்க்கெட் குளமாகிவிடும். 26 ஜூலை 2005 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததே, அன்றைக்கு முன்பின் தெரியாதவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, மாடிப்படியில் படுக்க இடம் விட்ட ஊர் இது. பெரிதாக வேண்டாம், சாதாரண மழை நாளே போதும். தண்ணீர் வடியட்டும் என்று யாரோ மேன்ஹோல் மூடியைத் திறந்துவிட்டிருப்பார்கள். கலங்கல் தண்ணீரில் குழி தெரியாது. 2017 ஆகஸ்டில் டாக்டர் தீபக் அம்ராபுர்கர் பிரபாதேவி அருகே அப்படித்தான் விழுந்து இறந்துபோனார்.

அதனால் அரை டிராயர் போட்ட இரண்டு மூன்று பையன்கள் குழியைச் சுற்றி முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். குழிக்குள் ஒரு மரக்கிளை, அதன் நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் பை. “இதர் ஸே நஹி, சைட் ஸே!” என்று தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். கிழவிகளைக் கைபிடித்துக் கடத்திவிடுவார்கள். நடுநடுவே, போகிற காருக்கெல்லாம் தண்ணீரை வாரி அடித்து வசவும் வாங்குவார்கள். அந்த அட்டகாசமும் சேர்ந்ததுதான் சேவை.

போன மழையில் அந்தக் கும்பலில் ஒருவனின் அம்மா பால்கனியிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். திங்களூர்த் தாய்க்கு நேர் எதிர்.

“ஜுரம் வந்தா யார்டா பாத்துப்பா? மேல வா!”

“இரும்மா, இன்னும் ரெண்டு ஸ்கூல் பஸ் வரணும்.”